அடுப்படியில் கேட்ட குரல்கள்

அந்த வெள்ளைக்கார நால்வரின் பாட்டுகளுக்குத் தலைப்பு உண்டு என்பதே எங்களுக்கு வெகுநாள் தெரியாது. எங்களிடம் இருந்தது யாரோ இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து கொடுத்த கேசட். அட்டை கிடையாது, அதன்மேல் ஓர் எழுத்து கிடையாது. அதனால் எண் வைத்துக்கொண்டோம். முதல் பக்கம் மூன்று என்றால் நால்வரில் மூவர் சேர்ந்து கத்திக்கொண்டே தொடங்கும் பாட்டு. இரண்டாம் பக்கம் ஐந்து என்றால் ஒருவன் மட்டும் கிட்டாரோடு சோகமாகப் பாடுவது. எண்ணைச் சொன்னால் போதும், பள்ளி பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மலேசியாவில், கோலசிலாங்கூர் இடைநிலைப்பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நால்வரும் பாடிப் புகழ் பெற்றது நாங்கள் பிறப்பதற்கு முன்பு. குழு கலைந்துபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. செம்பனைக் காட்டுக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அவர்கள் அந்த வருடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் வீட்டில் இடைநிலைப்பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அண்ணன் ஆறாம் வகுப்போடு நின்று தோட்டத்து லோரியில் ஏறிவிட்டான். தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி மூன்று லயம் தள்ளியிருந்துகூட ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள். எனக்கு அதில் கர்வம் இருந்தது. அதை நான் மறைத்ததும் இல்லை.

பஸ் பக்கத்துப் பட்டணமான பத்தாங் பெர்ஜுந்தாயில் கிளம்பும். அங்கே ஏறுபவர்களில் ஒருவன் அந்தப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவரின் அக்காள் மகன். என் வகுப்புதான். சனி, ஞாயிறுகளில் மாமன் கடையின் முன்பக்கம் நின்று பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய்க்கு மாவு வீசுவான். மற்ற நாட்களில் என்னோடு சண்டை போடுவான். அந்தக் கேசட்டை என் அண்ணனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவனும் அவன்தான். ஆகவே நாங்கள் கேட்டது ஒரே கேசட்டை. ஆனால் நாங்கள் சொன்னதோ இரண்டு வேறு குழுக்களைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

அவனுக்கு எல்லாமே டிரம்ஸ்காரன். முதல் பக்கம் மூன்றில் டிரம்ஸ்காரன் ஒரு மயிரிழை தாமதமாக வந்து விழுவானாம், அந்தத் தாமதத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறதாம். அடுத்து பேஸ் கிட்டார். அது தனியாக இன்னொரு பாட்டையே பாடுகிறதாம். எனக்குச் சிரிப்பாக வரும். எங்கள் வீட்டு கேசட் ரேடியோவில் டிரம்ஸ் என்பது எங்கோ தூரத்தில் தகரம் தட்டுகிற ஓசை. பேஸ் என்று ஒன்று இருப்பதே கிடையாது. எங்களுக்குக் கேட்டது குரல்கள். மூன்று பேர் மூன்று உயரத்தில் பாடி, ஒரே இடத்தில் மூச்சு வாங்குவார்கள். அந்த மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

"பாடுறவனுங்க சளி புடிச்ச மாதிரி எங்கயோ மூலையில நின்னு மொனகுறானுங்க. அத போயி பெருசா பேசுற," என்பான் அவன்.

"ஒனக்குக் காதுல மாவு அடைச்சிருக்கு லா. போயி கழுவிட்டு வா," என்பேன் நான்.

பின் இருக்கைகள் அவன் கட்சி. முன் இருக்கைகள் என் கட்சி. நடுவில் இருந்தவர்கள் நாளுக்கொரு பக்கம் சாய்வார்கள். ஒருநாள் மலாய்க்கார டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, பீசிங், பீசிங், ஒரே சத்தம் என்று அதட்டினார். பின்னால் வரும் வண்டி ஹாரன் அடிப்பதைக்கூட அவரால் கேட்க முடியவில்லையாம். செய்தி பள்ளிக்குப் போனது. தமிழ்க் கழகத்துக்குப் பொறுப்பாக இருந்த டீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனோம். அவர் நாட்குறிப்பைப் புரட்டி, புதன்கிழமை மத்தியானம் மண்டபம் காலியாக இருக்கிறது, பஸ்ஸில் கத்துவதை மேடையில் கத்துங்கள் என்றார். பட்டிமன்றம். அந்த நால்வரின் சிறப்புக்குக் காரணம் குரலா, கருவியா? வெல்லும் அணியின் தலைவர் ஷா ஆலாமில் நடக்கும் மாநிலப் பேச்சுப் போட்டிக்குப் பள்ளியின் சார்பாகப் போகலாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து எந்தப் பெண்ணும் அப்படி ஒரு மேடையில் ஏறியதில்லை. நான் ஏறியாக வேண்டும். ஷா ஆலாமுக்குப் போகப்போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன், ஒருவேளை போவேன் என்று அல்ல. அம்மா அன்றைக்கே பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள்.

பட்டிமன்றத்துக்கு முந்திய சனிக்கிழமை. பத்தாங் பெர்ஜுந்தாயில் அம்மாவுக்குச் சாமான் வாங்க அண்ணனோடு லோரியில் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. இறங்கும்போது சேற்றில் கால் முழங்கால்வரை போய்விட்டது. அண்ணன் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய், பின்னால் குழாய் இருக்கிறது, கழுவிக்கொண்டு வா என்றான். நான் அதற்கு முன் அந்தக் கடைக்குள் போனதில்லை. அண்ணனும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை. லோரியின் எஞ்சினைக்கூட அணைக்காமல் பொட்டலம் வாங்கிக்கொண்டு ஓடி வருகிறவன்.

வாசலில் ரொட்டிக் கல்லுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்கியது. முதல் பக்கம் மூன்று ஓடிக்கொண்டிருந்தது. அது மூன்று என்று எனக்கு உடனே தெரியவில்லை. அப்படி ஒரு டிரம்ஸை நான் கேட்டதே இல்லை. நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. அதன் அடியில் கனமாக ஏதோ ஒன்று நடந்து போனது, யானை மெத்தையில் நடப்பது போல. பாடுகிறவர்கள் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் முனகினார்கள். ரொட்டிக் கல்லருகே என் வகுப்புக்காரன் மாவு உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். கேட்கிறாயா என்பது போலப் புருவத்தைத் தூக்கினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன்.

அடுப்படி ஓய்ந்திருந்தது. மத்தியானக் கூட்டம் முடிந்து அடுப்புகளை அணைத்திருந்தார்கள். சமையல்காரர் சட்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே இன்னொரு ஸ்பீக்கர். அதிலிருந்து என் மூன்று பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது. டிரம்ஸ் எங்கோ தூரத்தில் தகரம்.

காலைக் கழுவ மறந்துவிட்டு வாசலுக்கு நடந்தேன். டிரம்ஸ். திரும்ப அடுப்படிக்கு வந்தேன். குரல். மறுபடி வாசல். மறுபடி அடுப்படி. கடை முழுக்கச் சேற்றுக் கால் தடம்.

"என்ன புள்ள, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஸ்பீக்கரைக் காட்டி ஏன் இப்படி என்றேன். அவர் அலுத்துக்கொண்டார். முதலில் இரண்டையும் முன்பக்கம்தான் மாட்டினாராம். பாட்டு வாடிக்கையாளருக்கு மட்டுமா, அடுப்பில் வேகிறவனுக்கு இல்லையா என்று சமையல்காரர் வேலையை விட்டு நிற்பதாகச் சொன்னாராம். ஆகவே ஒன்றைக் கழற்றி உள்ளே மாட்டினார். தமிழ்ப் பாட்டு போட்டால் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வருகிறதாம். இந்த வெள்ளைக்காரன் கேசட்தான் அவருக்குப் பிடிபடவில்லையாம்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தக் காலத்து இசைத்தட்டில் கருவிகளை ஒரு பக்கமும் குரல்களை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு ரேடியோவை அண்ணன் தோட்டத்து மேஸ்திரியான ஒரு மண்டோரிடமிருந்து பழையதாக வாங்கியிருந்தான். அதன் இடது ஸ்பீக்கரை எலி தின்றிருந்தது. ஒன்று போதுமே என்று விட்டுவிட்டோம். நான் கேட்டதெல்லாம் வலதுபக்கம். அவன் வாசலில் கேட்டதெல்லாம் இடதுபக்கம். அடுப்படிக்கு அவன் வருவது குழம்பு எடுக்க, அதுவும் அடுப்புகள் இரைகிற நேரத்தில்.

கடைசியாக ஓர் இடம் கண்டுபிடித்தேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடுவில், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில். அங்கே நின்றால் இரண்டும் வந்து சேர்ந்தன. டிரம்ஸ்காரனின் அந்தத் தாமதம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. மூன்று பேரும் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று அவன் காத்திருக்கிறான். எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் அவனிடம் சொல்லவில்லை. லோரியில் ஏறியதும் அண்ணனிடம்தான் கொட்டினேன். அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"சொல்லாத பாப்பா. அவனுக்குப் பாதிதான் தெரியும், ஒனக்கு முழுசும் தெரியும். ஜெயிச்சிட்டு வந்து சொல்லிக்கலாம்," என்றான்.

நானும் அதையேதான் நினைத்திருந்தேன். திட்டம் சுலபம். பள்ளி ரேடியோவில் இரண்டு ஸ்பீக்கரும் நன்றாக இருந்தன. எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் குறைய என்று திருப்பும் குமிழும் இருந்தது. என் முறை வரும்போது அதை வலதுகோடிக்குத் திருப்பி வைத்துப் பாட்டைப் போடுவேன். மண்டபம் குரலை மட்டும் கேட்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேசட்டில் இருப்பதுதானே.

புதன்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. டீச்சர் நடுவர். அவன் முதலில் பேசினான். நன்றாகவே பேசினான். மேசையைத் தட்டி அந்தத் தாமதத்தைச் செய்து காட்டினான். பின்வரிசை அதிர்ந்தது. பாடுகிறவர்கள் இல்லாவிட்டாலும் பாட்டு நிற்கும், டிரம்ஸ் இல்லாவிட்டால் நால்வரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முடித்தான்.

நான் எழுந்தேன். நீளமாகப் பேசவில்லை. என் கட்சிக்கு நான் பேசத் தேவையில்லை, அவர்களே பேசுவார்கள் என்று சொல்லிக் குமிழைத் திருப்பிப் பொத்தானை அழுத்தினேன். முதல் பக்கம் மூன்று. வெறும் குரல். மண்டபம் அடங்கிப்போனது. மூன்று பேர் எங்கள் காதருகே வந்து நின்றது போல இருந்தது. அவர்கள் மூச்சு வாங்கியபோது முன்வரிசைப் பெண்களும் சேர்ந்து மூச்சு வாங்கினார்கள். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வென்றுவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

அவனைப் பார்த்தேன். தோற்றவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தேன். அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. நடுவரிடம் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, நேரே என்னிடம் வந்துவிட்டான்.

"இது எங்க இருந்துச்சு? இத நான் கேட்டதே இல்ல. இன்னொரு தடவ போடேன்."

அவன் கண்ணில் தோல்வி என்று ஒன்றும் இல்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நான் எப்படி நின்றேனோ அப்படி நின்றான். ஆனால் நான் முழுதையும் கேட்டேன். இவனுக்கு நான் மறுபடி பாதியைத்தான் கொடுத்திருக்கிறேன், அதுவும் தெரிந்தே. அந்த நினைப்பு வந்த பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. கேசட்டைப் பின்னோக்கி ஓடவிட்டு, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, பொத்தானை அழுத்தினேன்.

மண்டபம் என்ன ஆனது என்று எழுத வரவில்லை. யாரோ நாற்காலியைத் தட்டினார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். டிரம்ஸ்காரன் காத்திருக்கிற அந்த இடம் வந்தபோது நான் விரலைத் தூக்கிக் காட்டினேன், அவன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். நான்கு முறை போட்டோம். பிறகுதான் கடையில் கண்டதை மைக்கில் சொன்னேன். எலி தின்ற ஸ்பீக்கரையும் சொன்னேன். என் அணியில் இருந்த இரண்டு பெண்கள் என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

டீச்சர் தீர்ப்பை வளவளவென்று நீட்டவில்லை. குரல் கட்சியின் தலைவியே கருவிக்கும் சாட்சி சொல்லிவிட்டார், கட்சியைக் கைவிட்டவருக்கு வெற்றி தர வழியில்லை என்றார். ஷா ஆலாமுக்கு அவன்.

பஸ்ஸில் ஏறும்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் அம்மா நினைவுக்கு வந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் பின் இருக்கையிலிருந்து எழுந்து வந்து என் எதிர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தான்.

"ஷா ஆலாமுக்கு நீ போ. நான் டீச்சர்கிட்ட சொல்லிடுறேன். பாதிப் பாட்ட கேட்டுட்டு மேடையில அந்தக் குதி குதிச்சவன் நான்."

"நீ குடுத்து நான் போக மாட்டேன். அடுத்த போட்டியில ஒன்ன தோக்கடிச்சிட்டுப் போறேன்."

"தோக்கடிச்சிட்டுத்தான இருந்த. நீயாதான கொமிழத் திருப்புன."

"ஆமா, நான்தான் திருப்புனேன். அதுக்கு என்ன இப்ப?"

அவன் இருக்கையின் முதுகில் தாளம் தட்டினான். அப்படியானால் இரண்டாம் பக்கம் ஐந்தில் அந்த ஒற்றைக் குரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டான். வலதுபக்கம் என்றேன். அதெப்படி, கிட்டார் வாசலில் கேட்கிறதே என்றான். கிட்டார் எங்கள் வீட்டிலும் கேட்கிறதே என்றேன். அப்படியென்றால் அந்த ஒரு பாட்டில் மட்டும் கிட்டாரை நடுவில் வைத்திருக்கிறார்களா, இல்லை கிட்டார் இரண்டா? முன் இருக்கைகள் ஒன்று என்றன. பின் இருக்கைகள் இரண்டு என்றன. அவன் ஒன்று என்றான், நான் இரண்டு என்றேன். முன் இருக்கைகள் என்னைத் துரோகி என்றன. டிரைவர் ஹாரனில் கை வைத்தபடியே வந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் தோட்டத்து முச்சந்தி தாண்டிப்போயிருந்தது. மணியை இழுத்தேன். டிரைவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு பாலத்துக்கு அப்பால் நிறுத்தினார். இறங்கித் திரும்பி நடக்க இரண்டு மைல். வெயில் செம்பனை ஓலைகளுக்கு மேல் இன்னும் இருந்தது. அம்மாவிடம் தோற்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், சுற்றி வளைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். நகர்ந்த பஸ்ஸின் ஜன்னல் வழியே அவன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனான். இரண்டு கிட்டார் என்று அவனும் ஒப்புக்கொண்டுவிட்டான்.