மச்சான் கொண்டுவந்த துணி

சனாவுல்லா ராவுத்தர் நாற்பது வருஷம் திண்டுக்கல் தோல் மண்டியில் தரம் பார்த்தவர். எந்தத் தோலையும் ஒரு தடவு தடவினால் போதும், வெள்ளாடா செம்மறியா, பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அறுபத்தெட்டு வயதில் ஒரு துணியைத் தொடப் பயந்தார்.

1959இல் அவர் மனைவி காதர் பீவியின் அண்ணன் அப்துல் லத்தீப் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பினார். பேரீச்சம்பழத்தோடு, மக்கத்து ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய கபன் துணியையும் அளவாக வெட்டி மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்கு, உடுத்தும் வெள்ளைத் துணி. வீட்டில் மூத்தவன் நான்தானே, எனக்குத்தான் என்று ராவுத்தர் முடிவுகட்டிக்கொண்டார். காதர் பீவி அதைக் கண்ணில் ஒற்றித் தகரப் பெட்டியில் வைத்தாள்.

அன்றோடு மனுஷனுக்கு நிம்மதி போயிற்று. பெட்டி இருந்த அறைப்பக்கமே போவதில்லை. சோறு இறங்கவில்லை. ஏப்பம் வந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எந்த மௌத்து வீட்டுக்கும் போகாமல் முழங்கால் வலி என்று சாக்குச் சொன்னார். அந்த வலியும் தெருவில் சாவு விழுந்த நாளில் மட்டுந்தான் வரும். பயமாக இருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெருக்கோடியில் தனிக்கட்டையாக இருந்த மூட்டை தூக்கும் முகமது பாரூக் இறந்துபோனார். கபன் யார் எடுப்பது என்று ஜமாஅத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். காதர் பீவி கிணற்றடியில் இருந்த நேரம் பார்த்து ராவுத்தர் பெட்டியைத் திறந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மக்கத்துத் துணியையே கொடுத்துவிட்டாரே என்று தெருவே மெச்சியது. அவருக்கோ, தப்பித்தோம் என்றிருந்தது.

சற்று நேரத்தில், மையத்தைக் குளிப்பாட்டியவர் இரண்டு துண்டுகளோடு வெளியே வந்தார்.

"ராவுத்தரே, ஆம்பளைக்கு மூணு துண்டுதான? இதுல அஞ்சு இருக்கு. தலைக்கும் மாருக்கும் கட்டுற துணியும் சேத்து வச்சிருக்காக. இது பொம்பளைக்கு வெட்டுன கபனு."

மிஞ்சிய துண்டுகளோடு வீடு வந்தவரைக் காதர் பீவி கோபிக்கவில்லை. அண்ணனிடம் தனக்கென்று கேட்டு வாங்கியது தான்தான் என்றாள். ஆறு மாதமாக மூச்சு முட்டுகிறதாம். சொன்னால் அவர் பயந்துவிடுவார் என்று மறைத்தாளாம்.

"நான் போற அன்னிக்கு நீங்க துணிக்கு அலையக் கூடாதுன்னு பாத்தேன்" என்றாள்.

ஒரே வீட்டில் இருந்தும் அவர் இதைக் கவனித்திருக்கவில்லை. இத்தனை நாளும் தான் போவதை மட்டுமே நினைத்திருந்தார். இவள் போய்த் தான் இருப்பதை ஒருநாளும் நினைத்ததில்லை.

"எனக்கு முந்திப் போயிராத, பீவி" என்றார்.