முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு நாலு

நான் வாங்கிய பிக்கப் எனக்கு முன்பே மூன்று பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. முதலாமவர் அதில் புகையிலை ஏற்றினார். இரண்டாமவர் வெங்காயம் ஏற்றினார். மூன்றாமவர் அதை மாமரத்தின் கீழே விட்டுக் கோழி அடைத்தார். நாலாவதாக வந்தவன், புளியங்கூடலில் குடியிருந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டிலிருந்து வாகனமும் வராது, உதிரிப்பாகமும் வராது. யாரிடம் என்ன பழசு இருந்ததோ அதைத் திருத்தித் திருத்தி ஓடுவதுதான் தீவுப்பகுதி முழுவதும் வழக்கம். எல்லாரும் திருத்தினார்கள். நான் மட்டும் மேம்படுத்தினேன். அந்தச் சொல்லை நானே தெரிந்தெடுத்து, கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தேன்.

முதல் மேம்பாடு மண்ணெண்ணெய். பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் ஒரு சின்னத் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். பலர் செய்ததுதான். ஆனால் மற்றவர்களின் வாகனம் புகைத்ததைவிட என்னுடையது இரண்டு மடங்கு புகைத்தது. நான் வகுப்புக்குள் நுழைய முதலே என் வாசம் நுழைந்துவிடும். பிள்ளைகள் எழும்பி நின்றுவிடுவார்கள். இரண்டாவது மேம்பாடு நிறம். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற் கொஞ்சம் கிடைத்தது. அது வலப்பக்கக் கதவோடு முடிந்துபோனது. இடப்பக்கத்தால் போகிறவர்கள் அதே பழைய சாம்பல் நிற வண்டியைத்தான் கண்டார்கள்.

என் மாமனார் எங்களோடு இருந்தார். மலாயாவில் றெயில்வேயில் முப்பது வருஷம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சனோடு வந்தவர். நெற்றியில் திருநீறு, தோளில் மடிப்புக் குலையாத சால்வை, இடுப்பில் சங்கிலி போட்ட மணிக்கூடு. பஸ் பிந்தினால் மணிக்கூட்டைப் பார்ப்பார். என் பிக்கப் புறப்பட்டால் வானத்தைப் பார்ப்பார். ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

"ஏன் மாமா, ஒருக்கால் ஏறிப் பாருங்கோவன்" என்று கேட்டபோது சொன்னார்:

"தம்பி, உது வாகனமில்லை. உது உம்முடைய ஒரு எண்ணம். அதுக்குள்ளை நான் எப்பிடி ஏறுறது?"

மூன்றாவது மேம்பாடு உயரம். மாரிக்கு எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். அந்த வருஷம் இரண்டு தடவை வண்டி நடுவெள்ளத்தில் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தள்ளி என்னைக் கரைசேர்த்தார்கள். இரண்டாம் தடவை தள்ளிய பிள்ளைகளுக்குத்தான் அன்று காலை நீரமுக்கம் படிப்பித்திருந்தேன். வண்டியை எப்படியும் அரை அடி உயர்த்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஊர்காவற்றுறைத் துறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில். வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தோனியார் படத்துக்குக் கீழே குந்தியிருந்து, கடல் தின்ற எஞ்சின்களுக்கு உயிர் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார். நான் பேசுவேன்.

விஷயம் இதுதான். பின் சில்லுகள் இரண்டையும் இணைக்கிற அச்சு, அந்த வண்டியில் ஸ்பிரிங் தகடுகளுக்கு மேலே இருந்தது. அதைத் தகடுகளுக்குக் கீழே கொண்டுவந்தால் வண்டி உயரும். அதற்கு, அச்சின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த, ஸ்பிரிங் தகடுகள் வந்து பொருந்துகிற இரும்பு இருக்கைகளை வெட்டி எடுத்து மேற்பக்கத்தில் ஒட்டவேண்டும். இரண்டு நாள் வேலை என்றார் அவர். நான் சிரித்தேன். ஏன் வெட்டவேண்டும்? ஏன் ஒட்டவேண்டும்? முழு அச்சையும் கழற்றி, தூங்குகிறவனைப் புரட்டுவதுபோலப் புரட்டிப் போட்டால், அடியில் இருக்கிற இருக்கை தானாக மேலே வந்துவிடாதா? வலச் சில்லு இடப்பக்கம் வரும், இடச் சில்லு வலப்பக்கம் வரும், அவ்வளவுதானே? சோக்குக்கட்டி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கொட்டிலின் சீமெந்து நிலத்தில் படம் கீறி அம்புக்குறியும் போட்டுக் காட்டினேன்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"மாஸ்ரர், எனக்கொரு சந்தேகம். வள்ளத்துக்கு வலப்புரிக்குப் பதிலா இடப்புரி விசிறியைப் பூட்டினால் வள்ளம் பின்னாலை போகும். இதைப் புரட்டிப் போட்டால் சில்லு எந்தப் பக்கம் சுத்தும்?"

"அண்ணை, வள்ளம் வேறை, வாகனம் வேறை. எஞ்சின் சுத்துற பக்கத்துக்குத்தான் சில்லும் சுத்தும். நாங்கள் எஞ்சினைப் புரட்டேல்லையே?"

"நீங்கள் படிச்ச ஆக்கள்" என்றார் அவர். கிண்டல் இல்லை, உண்மையாகவே சொன்னார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

பின்னேரமே வேலை முடிந்தது. வண்டி உயர்ந்துதான் நின்றது. இளங்கன்று முதல்முதல் எழும்பி நிற்பதுபோல ஒரு பெருமிதம் அதன் முகத்தில். எஞ்சின் திருத்தக் காத்திருந்த நாலைந்து கடற்றொழிலாளிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் ஏறி இருந்து, அவர்களுக்குக் கையசைத்துவிட்டு, முதலாம் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

அவசரத்தில் தவறான கியரைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் கியருக்கு மாற்றினேன். இன்னும் கெதியாகப் பின்னால் போனது. கிடுகுவேலி ஒன்று 'சரசர' என்று முறிகிற சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தேன். திரும்பிப் பார்த்தால் நான் ஒரு வீட்டு வளவுக்குள் நிற்கிறேன். பாயில் பனங்கிழங்கை ஒடியலுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, குனிந்த நிலையிலேயே தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், படலை அங்காலை இருக்கு" என்றார், வேலியின் வாசலைக் கைகாட்டி.

எஞ்சின்காரர் ஓடிவந்தார். அச்சோடு அதன் நடுவிலிருந்த பற்சக்கரமும் புரண்டுவிட்டது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "றிவேஸைப் போடுங்கோ பாப்பம்" என்றார். போட்டேன். வண்டி மெல்ல முன்னே நகர்ந்து, முறிந்த வேலிக்கு மேலால் வெளியே வந்தது.

"ஓம், முன்னுக்கும் ஒண்டு இருக்கு" என்றார் ஆறுதலாக. "பின்னுக்கு நாலு."

கடற்றொழிலாளிகள் சிரிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. வந்த சிரிப்பை எனக்காக அடக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். அடுத்தநாள் விடியவே தன் தமையன்வழிப் பெறாமகளின் கலியாணத்துக்கு மன்னாருக்குப் போவதாகவும், வர ஒரு கிழமை செல்லும் என்றும் எஞ்சின்காரர் சொன்னார். "வண்டி இஞ்சையே நிக்கட்டும் மாஸ்ரர், வந்து திருப்பிப் பூட்டுவம்" என்றார். ஒரு கிழமை முழுவதும் அது துறைமுகத்தில் நிற்க, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லப்படுவதை நினைத்துப் பார்த்தேன். "இல்லையண்ணை, கொண்டு போறன்" என்றேன். நாலு கட்டைத் தூரத்தை அந்த ஒற்றைக் கியரில், எஞ்சின் அலற அலற ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். வழியில் கதை சொல்ல எவரும் தேவைப்படவில்லை. அந்த அலறலே வேலிக்கு வேலி ஆட்களை வரவழைத்தது.

மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்தது இருமல் அல்ல என்பது எனக்குத் தெரியும்.

"மாமாவுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றேன் கதவுக்கு வெளியே நின்று.

"நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வரேக்கை அவர் படலையடியிலைதான் நிண்டவர்."

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கதிரையில் இருந்தபடியே வளைந்துபோனார். இடுப்பிலிருந்து அடிவயிறு வரைக்கும் தாங்கேலாத நோ. முப்பது வருஷம் ஒரு சத்தமும் போடாமல் றெயில் விட்ட மனிதர் "அம்மாளாச்சி" என்று கத்தினார். ஊரில் வாடகைக்கு ஓடிய ஒரே கார் பட்டணத்துக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரி இருந்த ஊர்காவற்றுறைக்கு அடுத்த பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கும் தெரியாது.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் பிக்கப்பைப் பார்த்தேன். பின் தட்டில் மெத்தையைப் போட்டு, மாமாவைத் தூக்கிக் கிடத்தினோம். அவளும் பக்கத்தில் ஏறி இருந்தாள். அவர் முதல்முதலாக என் எண்ணத்துக்குள் ஏறினார்.

முன்னுக்கு இருந்த ஒற்றைக் கியரில் புறப்பட்டேன். சைக்கிளில் வந்த ஒரு கிழவர் என்னை முந்திக்கொண்டு போனார், போகும்போது குனிந்து உள்ளே பார்த்துச் சுகமும் விசாரித்தார். நாரந்தனைக்குக் கிட்ட ரேடியேற்றர் கொதித்து, மூடி வழியாக நீராவி பீறிட்டது. றோட்டோரக் கிணற்றில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றேன். மாமா முனகினார். மனைவிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பின்னாலை போனால் கெதியாப் போகுமெண்டால் பின்னாலையே போங்கோவன்! ஆர் பாத்தால் உங்களுக்கென்ன?"

ஆர் பார்ப்பார்கள் என்பதைத்தான் அந்த நேரத்திலும் நான் யோசித்துக்கொண்டு நின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்டியைத் திருப்பினேன். இப்போது பின் தட்டு ஊர்காவற்றுறையைப் பார்த்தது. நானும் எஞ்சினும் புளியங்கூடலைப் பார்த்தோம்.

"நில்லும்" என்றார் மாமா. வியர்த்துக் கொட்டிய முகத்தோடு எழும்பி, மெத்தையில் முழங்காலில் நின்றார். "இப்ப நானோ முன்னுக்கு?"

"ஓம் மாமா."

"எஞ்சின் பின்னுக்கு நிண்டு தள்ளினால், முன் பெட்டியிலை ஒருத்தன் நிண்டு பாதை பாக்கவேணும். அது றெயில்வே ஒழுங்கு." சால்வையை எடுத்து ஒரு கையில் பிடித்தார். மற்றக் கையால் தட்டின் விளிம்பைப் பற்றினார். "எடும்."

முதலாம் கியர், இரண்டாம் கியர், பிறகு மூன்றாம் கியர். கழுத்தை யன்னலுக்கு வெளியே முறுக்கிப் பின்னால் பார்த்தபடி ஓட்டினேன். பின்னால் போகிற வண்டிக்கு ஸ்ரேறிங்கை ஒரு விரற்கடை அசைத்தால் ஒரு முழம் விலகும். பாதை நேராக இருந்தால் மாமா சால்வையை உயர்த்துவார். நிறுத்த வேண்டுமென்றால் குறுக்கே வீசுவார். "வலம்!" என்று ஒருதடவை கத்தினார். நான் என் வலப்பக்கம் வெட்டினேன். பனங்கூடல் எங்களை நோக்கி ஓடிவந்தது.

"உம்முடைய வலம் இல்லையடாப்பா, என்ர வலம்!"

அதுவரை என்னை ஒருநாளும் 'டா' போட்டு அழைக்காதவர்.

கரம்பனில் எதிரே பஸ் வந்தது. என் வண்டியின் பின்பக்கத்தைக் கண்ட சாரதி, தனக்கு முன்னால் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்திருக்கவேண்டும். நாங்கள் பெருத்துக்கொண்டு வரவர அவருடைய முகம் மாறியது. பஸ்ஸை ஓரத்தில் நிறுத்திவிட்டு யன்னலால் தலையை நீட்டினார்.

"மாஸ்ரர், போறியளோ வாறியளோ?"

எனக்கும் நிச்சயமில்லை. மாமாதான் சால்வையை உயர்த்தி, வழி விட்டதற்கு நன்றி காட்டினார்.

ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்த விதத்தை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. பின் தட்டு நேராக வாசற்படியில் போய் முட்டி நின்றது. நோயாளியை அப்படியே இறக்கினார்கள். சிறுநீரகத்தில் கல் என்றார் டொக்டர். ஊசி போட்டார், தண்ணீர் குடிக்கச் சொன்னார். இரண்டாம் நாள் கல் இறங்கிவிட்டது. வண்டியின் குலுக்கத்தில்தான் அது இறங்கியிருக்கும் என்று நான் ஒரு கருத்து வெளியிட்டேன். டொக்டர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாமா வார்ட்டில் இருந்த எல்லாருக்கும் அந்தப் பயணத்தைச் சொன்னார். நான் நிற்கும்போதே சொன்னார்.

"என்ர சேவைக்காலத்திலை ஒரு விபத்தும் நடந்ததில்லை. அண்டைக்கும் நடக்கவிடேல்லை."

வண்டியை ஓட்டியது யார் என்று எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் துண்டு வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று, வாடகைக் கார் பிடிக்கட்டுமா என்று மனைவி கேட்டதற்கு, "ஏன், எங்கடை வண்டி இருக்குத்தானே" என்றார். அந்த 'எங்கடை'யைக் கேட்டதும் பின் தட்டில் மெத்தையை விரிக்க எழும்பினேன். உடனே, "நான்தான் முன்னுக்கு" என்றும் சொன்னார்.

எஞ்சின்காரர் மன்னாரிலிருந்து வந்ததும் கொட்டிலுக்குப் போனேன். அவர் அச்சைத் திருப்பிப் போட்டு, இருக்கைகளை முறைப்படி வெட்டி மேற்பக்கத்தில் ஒட்டினார். அவர் முதலிலேயே சொன்ன அதே இரண்டு நாள் எடுத்தது. வண்டி உயரமாகவும் நின்றது, முன்னுக்கும் போனது. முறிந்த வேலியையும் எனக்கு முதலே அவர் அடைத்துக் கொடுத்திருந்தார்.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

"பிழை என்னிலைதான் மாஸ்ரர். எனக்குச் சந்தேகம் வந்தது. நான் இன்னொருக்கால் கேட்டிருக்கவேணும்."

அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. நிலத்தில் நான் கீறிய படம் அப்போதும் அழியாமல் கிடந்தது; அம்புக்குறிக்கு மேல் செருப்புக் காலை வைத்து மறைத்துக்கொண்டு நின்றேன்.

"பரவாயில்லையண்ணை" என்றேன். "ஆருக்கும் வாற பிழைதானே."

அவரை நான் மன்னித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, நடந்ததை மனைவிக்குச் சொன்னேன். அவள் இந்தமுறை சிரிக்கவில்லை. என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நாளைக்குப் போய், பிழை ஆரிலையெண்டு அந்த மனுசனிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

போனேன். சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை இருபது தடவை பிசகாமல் சொல்லக்கூடியவன், அந்த ஒரு வசனத்தை மூன்று தரம் தொடங்கித்தான் முடித்தேன். அவர் கேட்டுவிட்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, கழற்றிக்கொண்டிருந்த எஞ்சினுக்குள் மறுபடி கையை விட்டார்.