பால் ஊற்றாத டீ

என் மகளுக்கு ஆட்டிசம். பேச்சு கிடையாது. பாலில் நனைத்த பன், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், இவைதான் அவள் சாப்பாடு. வேறு எது தட்டில் விழுந்தாலும் தட்டு சுவரில் போய் விழும். தூக்கமும் அப்படித்தான், அவள் வைத்ததுதான் சட்டம். விடியும்வரை வீட்டுக்குள் நடப்பாள், நானும் பின்னாலேயே நடப்பேன். விடிந்ததும் ஊரிகம் ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் வேலைக்குப் பெங்களூர் ரயிலைப் பிடிப்பேன். பகலில் என் தங்கைதான் அவளைப் பார்த்துக்கொள்வாள்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்காது, அறிவுரை தாராளமாகக் கிடைக்கும். கூட வரும் ஒருத்தி போனில் வீடியோ காட்டினாள். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் இந்தப் பிள்ளைகள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குமாம். சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை என்று தெரிந்தும் செய்தேன். ஒரு நல்ல தூக்கத்துக்கு அவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைனில் வீடு வீடாகப் போய், "இவளுக்குப் பால், பன், பிஸ்கட் எதுவும் குடுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பன்னும் தயிரும் போனபின் மிஞ்சியது உருளைக்கிழங்கு மட்டும். அவளுக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. தூக்கமோ முன்பைவிட மோசம். இரவெல்லாம் தன் கையையே கடித்துக்கொண்டாள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

தங்கச் சுரங்கத்தை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் பகல் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு லைனில் டீ போடுவது நிற்கவில்லை. அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்பவரை வெறுமனே அனுப்பக்கூடாது என்பது வழக்கம். ஒருநாள் லீவு போட்டு வீட்டில் இருந்தபோதுதான் பார்த்தேன். என் மகள் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போய் நின்றாள். முன்பெல்லாம் அதில் பால் ஊற்றுவார்கள். இப்போது எல்லா வீட்டிலும் கறுப்பு டீ, சர்க்கரை தூக்கலாக. பால் இல்லையே என்று தங்கையும் விட்டிருந்தாள்.

எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் பாய்ந்தேன். அவர் பதறிப்போனார்.

"இன்னாம்மா இப்டி கேக்கற? நீதான பால் வேணாம்னு சொன்ன? கர்த்தர் சாட்சியா ஒரு சொட்டு ஊத்தல. எல்லா வூட்லயும் வெறும் டீதான். பச்சப்புள்ள, வத்திப்போய் வந்து நிக்குது, இல்லன்னு எப்டிம்மா சொல்றது?"

அவளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது பெங்களூர் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "டீ தூக்கத்தைக் கெடுக்கும். பாலை நிறுத்தினா தூங்கும்னு யாரும் உறுதியாச் சொல்ல முடியாது. சாப்பிடறதே மூணு பொருள், அதையும் புடுங்கிட்டா எப்படிம்மா?"

தயிர் திரும்பி வந்தது. பன்னை அவள் மறுபடி தொடவேயில்லை. டீயை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. லைனில் பால் ஊற்றிப் பார்த்தார்கள், அங்கேயே கொட்டிவிட்டு நின்றாள். டீ ஊற்றவும் கூடாது, இல்லையென்று சொல்ல நாக்கும் வராது. கடைசியில் அந்த ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்கள்.

யார் முகத்தையும் பார்க்காத என் மகள் மனிதர்களைத் தேடிப் போனது அந்த ஒரு வேளைதான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இப்போது பாதி இரவாவது தூங்குகிறாள். நானும் தூங்குகிறேன். லீவு நாளில் டீ நேரம் நெருங்கும்போது அவள் வந்து நிற்குமுன் லைனில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்கும். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள்.