சேர்மன் அம்பிகைபாகனின் சாக்கடை

லோரோங் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குறுக்குத் தெருவில் அம்பிகைபாகனை 1988 வரை எல்லாரும் 'கிராணி ஐயா' என்றார்கள். அதற்குப் பிறகு 'சேர்மன்' என்றார்கள். பட்டம்தான் மாறியது. அவர் செய்த வேலை ஒன்றேதான்: கடிதம் எழுதினார்.

துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவருடைய அப்பாவும் கிராணி, அண்ணனும் கிராணி. காகிதத்தில் ஏறாத எதையும் அந்த வீட்டில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ரொட்டிக்காரன் ஒரு நாள் வரவில்லை என்றால் தேதி போட்டுக் குறித்து வைப்பார். மனுஷனிடம் பொய் கிடையாது, களவு கிடையாது, குடி கிடையாது. இவ்வளவு நல்லவர் ஒருவரால் ஒரு தெருவே எப்படி நாறிப்போகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

1981-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் பின்சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்த ஒரு லோரி, அவர் வீட்டுக்குப் பின்னால் சாக்கடையை மூடியிருந்த சிமெண்டுப் பலகையை உடைத்தது. பாதிப் பலகை உள்ளே விழுந்து குறுக்காக மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் அங்கே வந்து நின்றது. மழை பெய்தால் அவர் வீட்டு அடுப்படிக்குள் ஏறியது. வெயில் அடித்தால் கொசு.

லோரோங் முனையில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் நான். அன்றைக்கே போய்ச் சொன்னேன்.

"அண்ணே, ரெண்டு ஆளு, ஒரு கடப்பாரை, அரை மணி நேரம். நான் தூக்கிப் போட்டுடறேன் லா."

"ஹென்றி, அது கவர்மெண்டு சொத்து. நீ தொட்டா, உடைச்சதே நீதான்னு எழுதிடுவான். நாம முறையா போவோம்."

முறையாகப் போனார். டைப்ரைட்டரில் தட்டி, கார்பன் காப்பி எடுத்து, துளை போட்டு, ஃபைலில் கோத்தார். அடியில் 'உத்தரவுக்குப் பணியும்' என்று கையெழுத்து. சம்பந்தப்பட்ட ஆபீசிலிருந்து பதில் வந்தது: 'விஷயம் கவனத்தில் உள்ளது.' அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"பார்த்தியா? ரெஃபரன்ஸ் நம்பர் குடுத்துட்டான்."

அந்த நம்பரைக் குழந்தை பிறந்த செய்தி மாதிரி சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று மாலை ஜெலுத்தோங் பாசாரில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

ஏழு வருஷத்தில் நூற்று நாற்பத்து மூன்று கடிதம். பலகை அசையவில்லை.

1988-இல் 'பசுமைச் சுற்றம்' என்று ஓர் இயக்கம் வந்தது. மக்களே தங்கள் சுற்றுப்புறத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டுமாம். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கமிட்டி. அந்த இயக்கத்தின் ஆபீசில் எவனோ ஒரு மகா கெட்டிக்காரன் உட்கார்ந்திருந்திருக்கிறான். நூற்று நாற்பத்து மூன்று கடிதம் எழுதிய ஆளை எப்படி வாயடைப்பது என்று யோசித்து, அவரையே சேர்மன் ஆக்கிவிட்டான்.

அண்ணன் டை கட்டிக்கொண்டு போய் நியமனக் கடிதம் வாங்கி வந்தார். கூடவே ஒரு பேட்ஜ், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, ஐம்பது பச்சைத் தொப்பி, பச்சையும் மஞ்சளுமாக இரண்டு குப்பைத் தொட்டி. பச்சையில் காகிதம், மஞ்சளில் டின். வாரம் ஒரு முறை லோரி வந்து இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய நூற்று நாற்பத்து மூன்றாவது கடிதம் அவருக்கே திரும்பி வந்தது. மேலே ஒரு சீட்டு: 'சேர்மன் அவர்களின் மேல் நடவடிக்கைக்கு.' அவர் மனைவி புஷ்பராணி அக்கா சிரித்துச் சிரித்து வேலியோரம் நின்று என் மனைவி டோரதியிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுசாகப் படித்தாராம். "நல்லா எழுதியிருக்கான், விஷயம் தெளிவா இருக்கு" என்றாராம். பிறகு பதில் தட்டினார்: 'தங்கள் கடிதம் கிடைத்தது. விஷயம் கவனத்தில் உள்ளது.' சேர்மன் என்று ஸ்டாம்பு குத்தி, தபால் தலை ஒட்டி, நடந்து போய்ப் பெட்டியில் போட்டார். மூன்றாம் நாள் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, குடியிருப்பாளர் ஃபைலில் கோத்தார்.

கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை, என்று சொல்லி மாதம் ஒரு ஞாயிறு எல்லாரையும் கூட்டினார். தொப்பி போட்டுக்கொண்டு முன்தெருவைக் கூட்டினோம். போட்டோ எடுக்கிறவருக்கு வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது. இருபது நிமிஷம் வேலை, ஒன்றரை மணி நேரம் பேச்சு. பிறகு சூலியா தெருவிலிருந்து வந்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். சாப்பிட்ட காகிதமெல்லாம் காற்றில் பறந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறீர்கள்? பின்சந்துப் பலகைக்குத்தான்.

1990-இல் எங்கள் லோரோங்குக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஒரு வருஷம் முழுக்க ஆபீசுக்கு ஒரு புகாரும் வராத ஒரே குடியிருப்பு நாங்கள்தானாம். எப்படி வரும்? எழுதுகிற ஆள் சேர்மனாகிவிட்டாரே.

கேடயம் வந்த மறு மாதம் புஷ்பராணி அக்காவுக்குக் காய்ச்சல். நாலாம் நாள் கையெல்லாம் சிவப்புப் புள்ளி. டெங்கி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது, இரண்டு மூன்று நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். எனக்கு வந்த கோபத்தில் நேரே அண்ணனிடம் போனேன்.

"இப்பவாச்சும் அந்தப் பலகையைத் தூக்கலாமாண்ணே?"

மனுஷன் முகம் வெளுத்துப் போயிருந்தது, மூன்று நாளாகச் சவரம் இல்லை. ஆனால் கையில் காகிதம் இருந்தது. 'கொசு ஒழிப்பு: அவசரம்' என்று குடியிருப்பாளர்களுக்குச் சுற்றறிக்கை தயார் செய்துகொண்டிருந்தார்.

"பதினாலாம் தேதி மீட்டிங். முதல் ஐட்டமா போட்டிருக்கேன் ஹென்றி. எல்லாரும் கை தூக்கிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது."

நான் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

நல்லவேளை, அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியது. தலை தூக்க முடிந்த முதல் நாள், பார்க்கப் போன டோரதியிடம் ஒரு காகிதமும் உறையும் கேட்டார். எழுதி ஒட்டி, பசுமைச் சுற்றம் ஆபீசில் கொடுக்கச் சொன்னார். உள்ளே இருந்தது தமிழ். அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. அனுப்புநர் முகவரியில் லோரோங் பெயரைப் பார்த்தார்கள், சேர்மனுக்கு அனுப்பிவிட்டார்கள். தள்ளிவிடுவதில் அந்த ஆபீசின் வேகம் யாருக்கும் வராது. இரண்டே நாள்.

நான் அதைப் பிறகு படித்தேன். இப்படி இருந்தது:

'மதிப்பிற்குரிய சேர்மன் அவர்களுக்கு, எங்கள் வீட்டுப் பின்னால் சாக்கடையில் பலகை விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அங்கே வளர்ந்த கொசு கடித்து நான் ஆறாம் வார்டில் கிடக்கிறேன். என் கணவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவருக்கு நேரமில்லை. அவர் எங்கள் கமிட்டிக்குச் சேர்மன். ஆகவே தாங்களாவது கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உத்தரவுக்குப் பணியும், அ. புஷ்பராணி.'

இதைப் படித்த எந்தப் புருஷனும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான், இல்லை சாக்கடைக்கு ஓடியிருப்பான். அண்ணன் மேசைக்குப் போனார். மாலையில் என் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சட்டைப் பையில் ஓர் உறை இருந்தது.

"மத்தவங்களுக்குப் பதில் போட ரெண்டு வாரம் ஆகும். இவளுக்கு இன்னைக்கே போட்டுட்டேன்" என்றார். நிஜமாகவே அதைப் பெரிய சலுகை என்று நினைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா தலையணையில் சாய்ந்தபடி உறையைப் பிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. தமிழ் என்பதால் கையால் எழுதியிருந்தார், மணி மணியான எழுத்து. 'திருமதி புஷ்பராணி அவர்களுக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நிலை குறித்துக் கமிட்டி வருந்துகிறது. விஷயம் கவனத்தில் உள்ளது.' கீழே ஸ்டாம்பு.

அக்கா படித்து முடித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம்," என்றார். சத்தமே இல்லை. "நீங்க எனக்கு எழுதின மொத கடுதாசி இது."

அண்ணன் கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அக்காவின் புள்ளி விழுந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "ஹென்றி, வா" என்றார்.

லோரோங்குக்குத் திரும்பியதும் பட்டறைக்குள் அவரே நுழைந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார். கால்சட்டையை மடிக்கக்கூட இல்லை, பளபளவென்று துடைத்த ஷூவோடு சாக்கடைக்குள் இறங்கினார். நான் நெம்பினேன், அவர் தூக்கினார். தூக்கும்போது தேம்பித் தேம்பி அழுதார். பலகை வெளியே வந்தது. இருபது நிமிஷம்தான் ஆனது.

இந்தக் கதையை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் அம்பிகைபாகனைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரே ஒரு தடவை டோரதி என்னைக் கேட்டாள்: "அவர் அனுமதி கேட்டுக்கிட்டு நின்னார், சரி. நீங்க எதுக்கு நின்னீங்க?"

என் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கவில்லை. அதுதான் உண்மை. அவளிடம் சொல்லவில்லை.