டாக்டர் ஐயா வீட்டுத் தங்கமீன்

நாடியைப் பிடிப்பதற்கு முன்பே சூசைரட்ணத்தின் வாயில் கேள்வி வந்துவிடும். "தண்ணி காய்ச்சுனீங்களா?" கொழுந்துக் கூடை சுமந்து தோள் வலிக்கிறது என்று வந்தவளுக்கும் அதே கேள்விதான். அட்டை கடித்த காலோ, கத்தி பட்ட விரலோ, தண்ணீரை விசாரித்து முடித்த பிறகுதான் காலுக்கும் விரலுக்கும் வருவார்.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பது அவர் உத்தியோகம். படித்தது மருந்து கலக்கும் படிப்பு. தோட்டத்து மக்களுக்கு அவர் டாக்டர் ஐயா. மழையோ வெயிலோ கோட்டைக் கழற்ற மாட்டார். ஒரு பையில் ஜெபமாலை, மறு பையில் வெப்பமானி. அவசரத்தில் ஜெபமாலையை உதறிப் பார்த்து, நோயாளியின் நாக்கடியில் வைக்கப்போனதும் உண்டு.

அவருடைய தண்ணீர்ப் பைத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் போன வருஷம் கெட்ட தண்ணீரால் வந்த நெருப்புக் காய்ச்சலில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் நான்கு பேர் போய்விட்டார்கள். அதன்பிறகு அவர் காம்பரா காம்பராவாக, ஒரு வீடு விடாமல் நுழைந்து, அடுப்பில் பானை ஏறியிருக்கிறதா என்று பார்த்து, தொண்டை கட்டும்வரை கத்தித்தான் மக்களைக் காய்ச்ச வைத்தார். இந்த வருஷம் ஒரு சாவு இல்லை. அந்தப் பெருமை அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு தங்கமீன் வந்து சேர்ந்தது. சீமைக்குத் திரும்பிப் போன துரைசாணி கண்ணாடித் தொட்டியோடு கொடுத்துவிட்டுப் போனாள். தொட்டியை மருந்தறை ஜன்னலில் வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரர்களைக் காக்க வைத்து மீனுக்கு ரொட்டித் துணுக்கு போட்டார் மனிதர்.

மூன்றாம் நாள் மீன் மேலேயே மிதந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சூசைரட்ணம் கலங்கிப்போனார். மார்ச்சளி என்று தீர்மானித்து, கம்பளியை மடித்துத் தொட்டியைச் சுற்றினார். கண்ணாடியில் குழாய் வைத்து நெஞ்சுச் சத்தம் கேட்டார். நெஞ்சு எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல். கடைசியில் வெப்பமானியை எடுத்தபோது அவர் மனைவி பவுலின் உள்ளே வந்தாள்.

"ஏங்க, அதுக்கு எங்கங்க வைப்பீங்க?"

வெப்பமானி பைக்குள் போனது. "தண்ணிய மாத்து. நல்லாக் காய்ச்சி ஆற வச்சு ஊத்து."

"மூணு நாளா அதத்தாங்க ஊத்துறேன்."

"அப்ப ரெண்டு தரம் கொதிக்கட்டும்."

இரண்டு தரம் கொதித்த தண்ணீரில் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து விரலுக்குக் கட்டுப்போட வந்தாள் ராக்காயி. கொழுந்தெடுக்கிறவள், கையைவிட வாய் வேகம். தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, ஆத்துல இருக்க மீனுக்கெல்லாம் யாருங்கய்யா காய்ச்சி ஊத்துறா?"

"வெரல நீட்டு," என்றார். கட்டு வழக்கத்தைவிட இறுக்கமாகவே விழுந்தது.

அவள் போய்விட்டாள், கேள்வி போகவில்லை. தண்ணீர் கொதித்தால் அதிலுள்ள காற்று போய்விடும் என்று அவர் எப்போதோ படித்திருந்தார். மீன் மூச்சுக்குத்தான் தவிக்கிறது, தவிக்க வைத்தது தன் கை என்று புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழும் பச்சைத் தண்ணீர் போதும், பிழைத்துவிடும். ஆனால் டாக்டர் ஐயா பச்சைத் தண்ணீர் பிடிப்பதை ஒருத்தி பார்த்தால், மறுநாளே லயத்து அடுப்புகளிலிருந்து பானைகள் இறங்கிவிடும். அப்புறம் காய்ச்சல் வந்தால் யார் பதில் சொல்வது?

பெண்களெல்லாம் மலையில் இருக்கும் நேரம் பார்த்துப் பீலிக்குப் போனார். வாளி கண்ணில் படும் என்று தேநீர்க் கேத்தலை எடுத்துக்கொண்டார். கொண்டுவந்து ஊற்றிய கால் மணியில் மீன் நிமிர்ந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அடிக்கு இறங்கியது.

"பவுலின், இங்க வந்து பாரு. எறங்கிருச்சு." அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாளோடு தீர்கிற வேலையா அது? மறுநாள் காலை, பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலையேறிய பிறகு மறுபடி கேத்தலோடு போய்த் திரும்பினார். மருந்தறை வாசலில் கட்டு மாற்ற ராக்காயி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக்கு வந்த இன்னும் நான்கு பேர்.

"கேத்தல்ல என்னங்கய்யா, காய்ச்சுன தண்ணியா?"

சூசைரட்ணம் நின்றார். வாயால் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. மெல்லக் கேத்தலின் மூடியைத் திறந்தார். விரல் விறைக்கும் அந்தத் தண்ணீரை, ஐந்து பேரும் பார்க்க, உதட்டைக் குவித்து ஊதி ஊதி ஆற்றினார். மலைக் குளிரில் அவர் மூச்சு கேத்தலுக்கு மேலே ஆவியாக எழுந்தது.