வெள்ளறடைக்குக் கொண்டுபோன ராணி

என்னை முந்திக்கொண்டு யாரும் வண்டியில் போவது எனக்குப் பிடிக்காது. அது என் குணம், இந்த வயதிலும் மாறவில்லை. ஆனால் போன தை மாதம் ஒரு நாள், சைக்கிளில் வந்த மீன்காரர் உட்பட எல்லோரும் என்னை முந்திப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை; எழுத்து மெதுவாகத்தான் வரும். அவசரம் உள்ளவர்கள் வேறு எதையாவது வாசிக்கட்டும்.

அருமனைப் பக்கம் எனக்கு நாற்பது தேன்பெட்டி உண்டு. சொந்தமாக ரப்பர் கிடையாது. பிறருடைய தோட்டங்களில் மரங்களுக்கு நடுவே கால் நட்டுப் பெட்டி வைத்திருக்கிறேன். அவற்றைச் சுற்றிவரத்தான் பைக் படித்தேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் போட்டு ஓட்டுகிற பைக். சேலைக்கு உள்ளே மகனுடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால், எந்த மேடும் எனக்கு ஒரு பொருட்டில்லை.

மகளைக் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், வெள்ளறடையில் கட்டிக் கொடுத்தேன். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று நான் பைக்கின் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா, என் சம்மந்தி, அடுக்களையில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "பொண்ணு அடக்கம்தான். அம்மைதான் ஆம்பிள போல." கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் கிடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு விசேஷத்துக்கு மட்டும் போவேன், வாடகைக் காரில். சாப்பிட்டதும் திரும்பிவிடுவேன். ஒரு ராத்திரி தங்கியதில்லை. பைக்கை அந்த முற்றத்தில் நிறுத்தியதும் இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் துபாயில் இருக்கிறார்கள். சம்மந்தியின் வீட்டுக்காரர் ஓணத்துக்கு முன்னால் காலமானார். அவரும் என்னைப் போல் தேனீ வளர்த்தவர், ஆறு பெட்டி வைத்திருந்தார். அவர் போனபின் எறும்பேறி, பூச்சி பிடித்து ஒவ்வொன்றாகக் காலியானது. தை மாதம் ஒரு காலையில் சம்மந்தியின் போன் வந்தது. என்னிடம் அதுவரை எதையும் கேட்டறியாத மனுஷி.

"சம்மந்தி, ஈ எல்லாம் கறுத்துப் போச்சு. உள்ள கெடந்து எரையுது. அவரு வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம். இதும் போயிருமோ?"

கேட்டவுடன் புரிந்துவிட்டது. ராணித் தேனீ இல்லாத பெட்டி அப்படித்தான் இரையும். ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கப் போகிற நேரம்; அந்தத் தளிரில்தான் எங்களுக்குத் தேன். தேன் வரும் முன்னாலேயே கூட்டம் முடிந்துவிடும். என் அதிர்ஷ்டம், அன்று என் பெட்டி ஒன்றில், தேனடையின் கீழ்விளிம்பில், புது ராணி வளர்கிற அறை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நிலக்கடலைத் தோடு போல இருக்கும். நுனி மெழுகை ஈக்களே சுரண்டித் தவிட்டு நிறம் தெரிய வைத்திருந்தன. ஒரு நாளில் ராணி வெளியே வந்துவிடும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆகவே நாளைக்கு என்று தள்ள முடியாது.

அறையைத் துளி அடையோடு அறுத்தெடுத்தேன். விரல் நீள மூங்கில் குழாயில் பஞ்சு வைத்து, நுனி கீழே இருக்கும்படி இறக்கி, ரவிக்கைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். உள்ளே கிடக்கும் ராணிக்குக் கூட்டின் சூடு வேண்டும். சாயக் கூடாது, குலுங்கக் கூடாது. குலுங்கினால் சிறகு ஒடிந்து வரும், இல்லை வராமலே போகும். பஸ்ஸில் நெரிசல். என் வண்டியை நம்பியதுபோல் வேறு எதையும் நான் நம்பியதில்லை.

அருமனையிலிருந்து பனச்சமூட்டுக்கு இரண்டாவது கியரில் போனேன். குனியக் கூடாது என்பதால் நெஞ்சை நிமிர்த்தி, கோயில் தேரில் வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் இலைகள் சிவந்து, காற்றில்லாமலே கொட்டிக்கொண்டிருந்தன. அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டு மதிலில் நல்லமிளகுக் கொடி ஏறியிருப்பதையும், ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு யாரோ புதிதாக நீலம் அடித்திருப்பதையும் அன்றுதான் பார்த்தேன். வெயில் ஏறியபோது ஒரு அயனிமரத்து நிழலில் நிறுத்தினேன். சூடு கூடினாலும் உள்ளே இருப்பதற்கு ஆகாது. மறுபடி புறப்பட்டதும், கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "அம்மச்சி, எறங்கி உருட்டினா இதவிட வேகமா போயிரலாம்" என்றான். வேறு நாளாக இருந்தால் அவனை அடுத்த வளைவில் பிடித்திருப்பேன்.

அந்த லாரிகள் தோண்டிய குழிதான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. எதிரே வந்த ஒன்றுக்கு ஒதுங்கினேன். முன்சக்கரம் தொம்மென்று இறங்கியது. என் பல்லே கிடுகிடுத்தது. ஓரமாக நிறுத்தி, குழாயிலிருந்து அறையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உயிர் இருந்தால் உள்ளே நிழல் அசையும். எனக்கு இடது கண்ணில் புரை. அசைந்ததா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பிப் போய் எடுக்க வேறு அறையும் இல்லை. மறுபடி நெஞ்சில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பனச்சமூட்டில் சந்தைக் கூட்டம். அங்கே தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளா எங்கே தொடங்குகிறது என்பது லாட்டரிச் சீட்டுக் கடையைப் பார்த்தால்தான் தெரியும். நான் ஊர்ந்து வருவதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். வண்டிக்கு என்ன கேடு என்று மலையாளத்தில் கேட்டார். வண்டிக்கு ஒன்றுமில்லை, உள்ளே ராணி இருக்கிறாள் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் ஹெல்மெட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

சம்மந்தி வாசலிலேயே நின்றிருந்தார். பைக்கைப் பார்த்தார், முற்றத்தில் நிறுத்த இடம் விட்டு ஒதுங்கினார். மெலிந்து போயிருந்தார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் பெட்டியைத் திறந்தேன். பழைய ராணி வயதாகி, முட்டை விடாமலே செத்திருக்க வேண்டும்; புதிதாக வளர்க்க ஈக்களுக்கு முட்டை இல்லை. வேலைக்கார ஈக்கள் தாங்களே முட்டையிடத் தொடங்கிவிட்டால் ஆண் ஈ மட்டும்தான் பிறக்கும், கதை முடிந்தது. நல்லவேளை, இன்னும் தொடங்கவில்லை. நடு அடையில் ஒரு சின்னக் கிண்ணம் போல் தோண்டி அறையை ஒட்டினேன். ஈக்கள் வந்து மூடிக்கொண்டன. நாங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது.

இனி நாளைதான் தெரியும் என்றேன். அறையின் நுனி வட்டமாக மூடி போலத் திறந்திருந்தால் ராணி வந்துவிட்டாள். பக்கவாட்டில் கடித்துத் துளைத்திருந்தால், ஈக்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. இரண்டும் இல்லை என்றால் உள்ளேயே செத்துவிட்டாள். அந்த மூன்றாவதைச் சொன்னதும் வழியில் இறங்கிய குழி நினைவு வந்தது. அதை மறைத்து வைத்துக்கொண்டு அவர் வீட்டுக் காப்பியைக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"சம்மந்தி, வழியில ஒரு குழியில எறக்கிட்டேன். என் தப்பு. அதுல கேடு வந்திருந்தா அது என்னாலதான்."

அவர் தாமதிக்காமல் சொன்னார். "பொழச்சாலும் பொழைக்காட்டாலும், வேற ஆரு இதைச் சொமந்துட்டு வருவா?"

அன்று அங்கே தங்கினேன். அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மகளுடைய அறையில் பாய் விரித்திருந்தது.

விடிந்ததும் பெட்டியைத் திறந்தோம். அறையின் நுனி வட்டமாக அறுபட்டு, தகரப் பெட்டியின் மூடி போல ஒரு பக்கம் ஒட்டித் தொங்கியது. அடையைத் திருப்பினேன். நீள வயிற்றோடு, இன்னும் சிறகு நனைந்ததுபோல் ராணி நடந்துகொண்டிருந்தாள். சம்மந்தி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். அந்த ராணி வெளியே பறந்து, குருவி வாயில் படாமல் திரும்பி வந்து முட்டை விட்ட செய்தி பிற்பாடு போனில் வந்தது. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மீன் கறி இல்லாமல் என்னை அனுப்ப முடியாது என்று சம்மந்தி பனச்சமூட்டுச் சந்தைக்குப் புறப்பட்டார். ஆட்டோ கூப்பிடுவார் என்று நினைத்தேன். நேரே வந்து பைக்கின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து என் தோளைப் பிடித்தார்.

"மெதுவா போகணும், கேட்டியளா."

"இனி எதுக்கு மெதுவா? ராணியத்தான் பெட்டியில விட்டாச்சே."

"அப்போ பின்னால இருக்கது ஆராம்?"

சந்தை வரை இரண்டாவது கியருக்கு மேல் போடவில்லை.