முனியப்பன் கையில் சாலம்மாள் நெஞ்சு

சாலம்மாள் என்ற பெயரைக் கோவிந்தம்மாள் முதன்முதலில் கேட்டது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. மாப்பிள்ளை முனியப்பனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் அப்பனுக்கும் பிடித்திருந்தது. தட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று பெண்வீட்டார் கேட்டபோது, மாப்பிள்ளையின் ஆத்தாக்காரி மட்டும், "எதுக்கும் எங்க சாலம்மா வந்து ஒரு வார்த்த சொல்லட்டுங்க" என்றாள். கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருக்க, வராத ஒருத்தியின் வார்த்தைக்குக் காத்திருக்கிறார்களே, அவள் யாரோ பல் போன பெரிய மனுஷி என்று கோவிந்தம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மறுவாரம் வந்து இறங்கியவளுக்கு இவளைவிட நாலு வயதுதான் கூட இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை, மடியில் வறுத்த கடலை. முனியப்பனின் அண்ணன் பெண்டாட்டி. பொம்மிடிப் பெரியண்ணனின் மூன்றாவது மகள். அந்தப் பெரியண்ணனும் கோவிந்தம்மாளின் தாத்தாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ஒரு கிணற்றுச் சண்டையில் இரண்டு குடும்பத்துக்கும் போக்குவரத்து அற்றுப்போயிருந்ததால் யாருக்கும் யாரையும் தெரியாது. முறைப்படி பார்த்தால் சாலம்மாள் அவளுக்கு அத்தை. ஒரே குடும்பத்தில் ஓரகத்திகளாக வாழ்க்கைப்பட்டதால் அக்கா ஆனாள். கல்யாணத்துக்குப் பிறகு இதைக் கண்டுபிடித்த கிழவர்கள் நாலு நாள் பேசிப் பார்த்து, தலை சுற்றி, விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சாலம்மாள் கேட்டது ஒரே கேள்வி. "பட்டுப்புழுவக் கையால தொடுவியா?"

தொடுவேன் என்று கோவிந்தம்மாள் பொய் சொன்னாள். சாலம்மாளுக்கும் அது பொய் என்று தெரிந்தது. கடலையில் பாதியை அவள் கையில் கொட்டிவிட்டு, இவள் போதும் என்று சொல்லிவிட்டாள்.

சாலம்மாளுக்குப் பயம் என்பது இன்னதென்றே தெரியாது என்பது ஊர்ப் பேச்சு. பட்டுப்புழு வளர்க்கும் கொட்டாய்க்குள் சாரைப்பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அந்தப்பக்கம் போட்டுவிட்டு வந்து வேலையைப் பார்ப்பாள். புருஷன் மஞ்சள்காமாலையில் போனபோது மகன் அருள்குமார் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அழுது முடித்த கையோடு மல்பெரித் தோட்டத்துக்குப் போனாள். புழுவுக்குச் சாவு வீடு தெரியாது, வேளைக்குத் தழை வேண்டும் அல்லவா. அந்தப் புழுவை வைத்தே மகனைப் படிக்க வைத்து, பெங்களூரில் கம்பெனி வேலைக்கு அனுப்பி, சோபனாவைக் கட்டி வைத்தாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் நடுராத்திரியில், யாரோ கதவைத் தடதடவென்று தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்தாள். யாரும் இல்லை. "யாருடா அது, நேருக்கு நேரா வாடா" என்று சவால் விட்டாள். தெருநாய் ஒன்று எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தட்டல் மட்டும் நிற்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தட்டியது அவள் நெஞ்சு.

உடம்பெல்லாம் வேர்த்து ஊற்ற, பக்கத்து வீட்டுக்குப் போய்க் கோவிந்தம்மாளை எழுப்பினாள். முனியப்பனும் அங்கேதான் படுத்திருந்தான். அவனை எழுப்புவதற்குக் கலெக்டர் உத்தரவு வேண்டும். இருவரும் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளும் அப்படி. அதற்கு மறுநாளும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வாயு என்று இஞ்சிச் சாறு குடிக்கக் கொடுத்தார்கள். முனி குறுக்கே போயிருக்கிறது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். எதிர்வீட்டுச் சகாயமேரி ஜெபம் பண்ணி நெற்றியில் எண்ணெய் வைத்தாள். அவள் வைத்த எண்ணெய்மேல் திருநீறு பூசலாமா கூடாதா என்று ஒரு வாக்குவாதம் நடந்து, கடைசியில் இரண்டும் இருந்தன. எதற்கும் நெஞ்சு அடங்கவில்லை.

கோவிந்தம்மாள் அவளைத் தருமபுரிக்குக் கூட்டிப்போய் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சு நன்றாக இருக்கிறது, மனசில்தான் எதையோ போட்டு அமுக்கி வைத்திருக்கிறீர்கள், அதுதான் ராத்திரியில் கிளம்புகிறது, பயப்படும் நோயில்லை, ஆனால் யாரிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள் என்றார் டாக்டரம்மா. என்னிடம் ஒன்றுமில்லை என்று சாலம்மாள் சாதித்துவிட்டாள். திரும்பி வருகையில் பஸ்ஸில், "மனசாம். நமக்கு எங்கடி அதுக்கெல்லாம் நேரம்" என்றாள்.

கோவிந்தம்மாளுக்கு மட்டும் நாள் கணக்கு தெரியும். யார் வீட்டில் எந்த விசேஷத்துக்குப் பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தது என்பதுவரை அவளுக்கு மறக்காது. அருள்குமார் பெங்களூரில் பதினோராவது மாடியில் வீடு வாங்கிப் பால் காய்ச்சினானே, அன்றைக்குத்தான் ஒரு அறைக் கதவைத் திறந்துகாட்டி, "இது உனக்கும்மா" என்றான். ஊருக்குத் திரும்பிய அந்த வாரம்தான் நெஞ்சு கதவைத் தட்ட ஆரம்பித்தது. இதைச் சொல்லப்போனால் சாலம்மாள் எரிந்து விழுந்தாள். பையன் ஆசையாக வாங்கிய வீட்டில் குறை கண்டுபிடிக்காதே என்று வாயை அடைத்துவிட்டாள்.

டாக்டரிடம் போன செய்தி மகனுக்கு எட்டியதும் அவன் காரில் ஒரு கடிகாரத்தோடு வந்தான். அது நேரம் காட்டும் கடிகாரம் மட்டும் இல்லை. சாலம்மாள் நெஞ்சு எவ்வளவு அடிக்கிறது, தூங்கினாளா புரண்டாளா, எங்கே நிற்கிறாள், விழுந்தாளா என்று எல்லாவற்றையும் பெங்களூரில் அவன் போனுக்குக் கோள் சொல்லும். அதற்குள்ளேயே சிம் வேறு போட்டிருந்தான். மந்திரித்த கயிறுகளுக்கு மேலே அதைக் கட்டிவிட்டு, தெளிவாகச் சொன்னான்: இதில் சரியில்லை என்று காட்டினால் அப்புறம் பேச்சே கிடையாது, புழுவை நிறுத்திவிட்டு, கொட்டாயைப் பிரித்துவிட்டு, கிளம்பி வந்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். ராத்திரி விழித்ததும் சாலம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பாள். எண் கூடியிருக்கும். கூடிவிட்டதே, பார்த்திருப்பானே என்று நினைத்ததும் இன்னும் கூடும். கூடியதைப் பார்த்து மகன் போன் அடிப்பான். நடுராத்திரியில் போன் அடித்தால் யாருக்குத்தான் நெஞ்சு அடிக்காது? "ஏம்மா இப்ப இன்னும் ஏறுது?" என்பான் அவன். நீ பேசுவதால்தான் என்று எப்படிச் சொல்வது?

யோசனை யாருடையது என்பதில் இன்றைக்கும் இருவருக்கும் வழக்கு உண்டு. கோவிந்தம்மாள் அக்காவைச் சொல்வாள், அக்கா இவளைச் சொல்வாள். எப்படியோ, ராத்திரி முனியப்பன் குறட்டை விட ஆரம்பித்ததும் கோவிந்தம்மாள் கடிகாரத்தை வாங்கிவந்து புருஷன் கையில் கட்டிவிடுவாள். வார் எட்டாது. ரப்பர் பேண்டு போட்டு எட்ட வைத்தாள். விடிவதற்குள் கழற்றிச் சாலம்மாள் கைக்குக் கொண்டுபோய்விடுவாள். இடி விழுந்தால்கூட அசையாத தூக்கம் ஊரில் ஒருத்தனுக்கு இருக்கிறது, அதை வீணாக்குவானேன்?

அருள்குமாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவின் நெஞ்சு கோயில் தெப்பக்குளம் மாதிரி அமைதியாக இருப்பதாகச் சின்னம்மா கோவிந்தம்மாளிடமே போன் போட்டுச் சொன்னான். ஒருநாள் மட்டும் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டான்: "ஏம்மா, நீ கொறட்ட விடுவியா? மூச்சு நின்னு நின்னு வருதுன்னு காட்டுது."

சாலம்மாள் வாழ்நாளில் குறட்டை விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "வயசாவுதில்லடா" என்றாள். போனை வைத்துவிட்டு முனியப்பன் வீட்டுப் பக்கமாகத் திரும்பி முறைத்தாள்.

ராத்திரி போனையும் இப்போது அணைத்துவிட்டுப் படுத்தாள். கடிகாரமும் இல்லை, போனும் இல்லை. இருந்தாலும் விழிப்பு வந்துகொண்டுதான் இருந்தது.

அப்புறம் அந்த ராத்திரி வந்தது. முனியப்பனின் கடலைக்காட்டில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது. இடிக்கு அசையாதவன் கடலைக்குக் கண் விழித்துவிட்டான். டார்ச்சையும் தடியையும் எடுத்துக்கொண்டு இருட்டில் ஓடினான். கோவிந்தம்மாள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். பன்றிகள் முன்னே, முனியப்பன் பின்னே, மூன்று காடு தாண்டி ஓட்டம். பெங்களூரில் அருள்குமார் போன் அலறியது. எடுத்துப் பார்த்தால், அவனைப் பெற்றவள் நடுராத்திரியில் கடலைக்காட்டில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சு நூற்று அறுபது அடிக்கிறது. வளைந்து வளைந்து ஓடுகிறாள். பிறகு விழுந்துவிட்டாள். பிறகு அசையவே இல்லை.

அம்மா போன் அணைந்திருந்தது. சின்னம்மா போன் சமையலறையில் கிடந்தது. அவனும் சோபனாவும் போட்ட துணியோடு காரில் ஏறினார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டியது எதுவும் அவனுக்கு நினைவில்லையாம்.

வெளிச்சம் வரும் நேரத்தில் வாசலில் கார் சத்தம் கேட்டுக் கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். புருஷன் படுக்கையில் இல்லை, கையைக் காணோம், கையில் கட்டியதையும் காணோம் என்று அவளே அப்போதுதான் திகைத்துப்போயிருந்தாள். அருள்குமார் கொட்டாய்க்குள் பாய்ந்தான். உள்ளே சாலம்மாள், எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, புழுவுக்குத் தழை பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இந்நேரத்துல?" என்றாள்.

அவன் அருகில் போனான். அம்மாவின் காலைப் பார்த்தான், கையைப் பார்த்தான். கையில் கயிறுகள் மட்டும் இருந்தன. அந்த நேரம் பார்த்து வேலிப்பக்கமாக முனியப்பன் நொண்டிக்கொண்டு வந்தான். எருக்குழியில் விழுந்து, கால் பிசகி, டார்ச்சும் தொலைந்து, விடிகிறவரை அதிலேயே உட்கார்ந்திருந்தவன். வாடை அவனுக்கு முன்னால் வந்தது.

"அண்ணி, என் கையில எவளோ என்னமோ கட்டி வுட்டிருக்கா" என்றான். "குழியில வுழுந்ததும் டுக்கு டுக்குனு கையத் தட்டுது. இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுது. எருக்குழியில இருக்கேன்னு மூணு வாட்டி பதில் சொன்னேன். ஒருத்தனும் வர்ல."

கொட்டாயில் புழு தழை தின்னும் சத்தம் மட்டும் மழை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப ஒரு மாசமா நான் சித்தப்பா நெஞ்சையா பாத்துட்டு இருந்தேன்?" என்றான் அருள்குமார்.

"எப்படிப்பா இருக்குது?" என்று முனியப்பன் அக்கறையாக விசாரித்தான்.

சோபனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அருள்குமாருக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் அம்மா செத்துவிட்டாள் என்றே நினைத்து வந்தவன். இப்படி ஏமாற்றும் அளவுக்கு உடம்பு கெட்டிருக்கிறது, இந்தப் புழு கூடு கட்டியதும் எல்லாவற்றையும் ஏறக்கட்டு, இந்த முறை விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனான். சாலம்மாள் தழையைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். பரப்பிய இடத்திலேயே மறுபடி மறுபடி பரப்பினாள். கோவிந்தம்மாள் அதைப் பார்த்தாள். இனி அக்கா திட்டினாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

"தம்பி, நீ பால் காய்ச்சின வாரத்துலருந்துதான் உங்கம்மாளுக்கு இது. அதுக்கு மின்ன கிடையாது."

சாலம்மாள் அவளை முறைத்தாள். மகன் அம்மாவையே பார்த்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவள் தழைக்கட்டைக் கீழே வைத்தாள்.

"கனவுல உன் வூட்டு லிஃப்டுக்கு மின்னாடி நிக்கிறன்டா. தலையில தழைக்கட்டு. புழுவெல்லாம் மேல பதினோராவது மாடியில பசியா கெடக்குது. நான் பட்டன அமுக்கறேன், அமுக்கறேன், கதவு தொறக்க மாட்டேங்குது. அப்பத்தான் நெஞ்சு அடிச்சி எந்திரிக்கிறேன். தெனமும் இதே கனவு."

"இத ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அம்புட்டு ஆசையா ரூமத் தொறந்து காட்டின. உன் மொகத்தப் பாத்தா சொல்ல வாய் வருமா?"

அருள்குமார் தழைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். சோபனாதான் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"அத்தே இங்கயே இருக்கட்டுங்க. அந்த ரூம்ல இப்ப நான் துணிதான் காயப்போட்டிருக்கேன். பால்கனியில புறா தொல்ல தாங்கல."

கோவிந்தம்மாள்தான் முதலில் சிரித்தது. பிறகு சாலம்மாள். அருள்குமார் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் அவனுக்கும் அடக்க முடியவில்லை. முனியப்பன் விஷயம் புரியாமலே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். குளித்துவிட்டு வந்து சிரி என்று கோவிந்தம்மாள் அவனைத் துரத்தினாள்.

கொட்டாயைப் பிரிக்கும் பேச்சு அன்றோடு நின்றது. மகன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: டாக்டரம்மாவிடம் மறுபடி போக வேண்டும், போய் வாயைத் திறந்து பேச வேண்டும். போனாள், பேசினாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்கிறாளே என்று வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அதே டாக்டரம்மாவிடம் முனியப்பனையும் காட்டினார்கள். மூச்சு நின்று நின்று வந்தது பொய்யில்லை. உடம்பை இளைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடிகாரம் இப்போது சட்டப்படி அவன் கையில். புது வார் போட்டாயிற்று.

சாலம்மாளுக்கு இன்னமும் எப்போதாவது ராத்திரியில் நெஞ்சு அடித்து விழிப்பு வரும். கதவைத் திறந்து யாருக்கும் சவால் விடுவதில்லை. கொட்டாய்க்குப் போய்க் கொஞ்சம் தழை போட்டுவிட்டு, புழு தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெஞ்சு தானாக அடங்கும். போய்ப் படுத்துக்கொள்வாள். சில நாள் அடங்காது. அன்றைக்குக் கோவிந்தம்மாளுக்குத் தூக்கம் கிடையாது.

சாலம்மாள் இப்போது கம்பைநல்லூர்ப் பக்கம் அதே வீட்டில்தான் இருக்கிறாள். புழு நாலாம் முறை தோலுரித்து எழுந்திருக்கிறது, இனிக் கூடு கட்டும்வரை அதற்கு எவ்வளவு போட்டாலும் பற்றாது. காலையிலிருந்து தோட்டத்தில் தழை வெட்டிக்கொண்டிருக்கிறாள்.